இசைவின் இடமாற்றம்: ஷாப்பிஃபை கடைகளில் சந்தா செக்அவுட் பெயர்ந்த முறை குறித்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

இணையக் கடையில் சந்தா வாங்குபவர் கடைக்கு ஒரே ஒரு முறைதான் வருகிறார். காப்பிக்கொட்டையோ, நாய்க்கான தீவனமோ, சவர பிளேடோ, எதுவாக இருந்தாலும் முதல் நாள் கார்டு எண்ணைத் தந்து, இனி மாதாமாதம் அனுப்பலாம், பணத்தையும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொள்கிறார். அதன் பிறகு நடக்கும் எந்த விற்பனையிலும் அவர் உடனில்லை. அவர் உறங்கும் நேரத்தில் ஏதோ ஒரு சர்வர் அவர் கணக்கைத் தொடுகிறது. அப்படித் தொடும் உரிமையை இக்கட்டுரை 'இசைவு' என்று குறிக்கிறது.

சந்தா செக்அவுட்டை ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வேலையை நிரல் எழுதுவோர் பெரும்பாலும் ஒரு பக்கத்தை மாற்றுவதாகவே எண்ணித் தொடங்குகிறார்கள். பழைய படிவத்தை எடுத்துவிட்டுப் புதிய படிவத்தை வைத்தால் புதிதாக வருவோருக்கு அது போதும். ஏற்கெனவே சந்தாவில் இருப்பவர்கள் அந்தப் பக்கத்தைத் திரும்பப் பார்க்கப்போவதே இல்லை. அவர்களிடமிருந்து என்றோ பெற்ற இசைவைத்தான் பெயர்த்து எடுத்துச் செல்ல வேண்டும். அந்த இசைவு ஒரே இடத்தில் இருப்பதில்லை என்பதும், அதன் கூறுகளில் சில பெயரும், சில பெயரவே பெயராது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

எடுத்துக்காட்டாக, இணையக் கடை நடத்த உதவும் ஷாப்பிஃபை தளத்தைக் கொள்கிறேன். 2020 அக்டோபரில் அத்தளம் சந்தாவுக்கான ஏபிஐக்களை வெளியிட்டதும், அதுவரை வெளியே இருந்த சந்தா செக்அவுட்டுகள் தளத்துக்குள் வரத் தொடங்கின. இத்துறையில் இவ்வளவு கடைகள் ஒரே திசையில் நகர்ந்த நிகழ்வு அரிது. செய்தித்தாள், திரைப்பட ஸ்ட்ரீமிங் போன்ற மின்சந்தாக்கள் இவ்வாய்வின் எல்லைக்குள் வரா. பொருள் பெட்டியில் அடைக்கப்பட்டு வீட்டுக்கு வரும் சந்தாவே இங்கு பேசப்படுகிறது.

2. இரண்டு வாசல் இருந்த காலம்

ஷாப்பிஃபையை நிறுவியவர்களுள் ஒருவரான டோபியாஸ் லூட்கே 2004இல் ஸ்னோடெவில் என்ற பனிச்சறுக்குப் பலகைக் கடையை இணையத்தில் நடத்தினார். அதற்காக எழுதிய மென்பொருளே 2006இல் தளமாக வெளிவந்தது. வாடிக்கையாளர் வருகிறார், கூடையை நிரப்புகிறார், பணம் கட்டுகிறார், போகிறார் என்ற ஒற்றை விற்பனையின் தர்க்கத்தில் கட்டப்பட்ட அதன் செக்அவுட்டில், பணத்தை அடுத்த மாதமும் எடுக்க இடமே இல்லை.

இந்த இடைவெளியில்தான் வெளிச் செயலிகள் நுழைந்தன. 2014இல் தொடங்கிய ரீசார்ஜ் (நம் ஊர்க் கைபேசி ரீசார்ஜுக்கும் இதற்கும் தொடர்பில்லை), போல்ட் ஆகியவை அவற்றில் பெயர்பெற்றவை. அவை கண்ட வழி எளிது. கூடையில் சந்தாப் பொருள் ஒன்று இருந்தாலும் வாடிக்கையாளரை ஷாப்பிஃபையின் செக்அவுட்டுக்கு அனுப்பாமல், தம் சொந்த சர்வரில் இருக்கும் வேறொரு செக்அவுட்டுக்குத் திருப்பிவிட்டன. கார்டு விவரம் அங்கே வாங்கப்பட்டு, ஸ்ட்ரைப், பிரெயின்ட்ரீ, ஆத்தரைஸ்.நெட் போன்ற கேட்வேயில் (கார்டுப் பணத்தைக் கையாளும் நிறுவனத்தில்) வணிகருக்கு உள்ள கணக்கில் சேமிக்கப்பட்டது. மாதம் பிறந்ததும் செயலியே கேட்வே வழியாகப் பணம் எடுத்து, விற்பனையை ஓர் ஆர்டராக ஷாப்பிஃபைக்குள் எழுதியது. தளத்தின் பார்வையில் அந்த ஆர்டர் ஏற்கெனவே பணம் கட்டப்பட்டு வெளியிலிருந்து வந்து விழுந்த ஒன்று.

இதனால் ஒரே கடைக்கு இரண்டு வாசல் ஆயிற்று. தள்ளுபடிக் குறியீடு ஒரு வாசலில் செல்லும், மறுவாசலில் செல்லாது. பரிசு அட்டைக்கும் அதே கதி. முகவரியும் கார்டும் நினைவில் வைத்துக்கொள்ளும் ஷாப் பே வசதி சந்தாக்காரருக்குக் கிடையாது. விளம்பரத்திலிருந்து வந்தவர் எந்த வாசலில் வாங்கினார் என்ற கணக்கு இரண்டாகப் பிளந்தது. சில அமைப்புகளில் ஒரே காப்பிப் பொட்டலத்துக்குச் சாதாரண விற்பனைக்கு ஒரு பதிவும் சந்தாவுக்கு மறைத்து வைத்த நகல் பதிவும் இருந்தன. கிடங்கில் இருப்பது ஒரே சரக்கு, ஏட்டில் இரண்டு. கிடங்குக்காரருக்கு இதைவிடப் பெரிய தலைவலி தேவையில்லை.

அந்த ஏற்பாட்டைக் குறை சொல்வது இப்போது எளிது. ஆனால் அதற்கு ஒரு பெரிய நன்மை இருந்தது. கார்டு வணிகரின் சொந்த கேட்வே கணக்கில் இருந்ததால், செயலி பிடிக்கவில்லை என்றால் வேறு செயலிக்குப் போகலாம். கார்டுகள் கூடவே வரும். இந்த நன்மை பின்னால் என்ன ஆனது என்பதை ஏழாம் பிரிவில் காண்போம்.

3. 2020 அக்டோபரில் வந்த அமைப்பு

புதிய அமைப்பு மூன்று பொருள்களால் ஆனது. பெயர்வின் இடர்ப்பாடுகள் எல்லாம் இவற்றிலிருந்தே கிளைப்பதால் இவற்றை விளக்குவது தேவை.

3.1 செல்லிங் பிளான்

பொருளோடு ஒட்டப்படும் விற்பனை முறை இது. எத்தனை நாளுக்கு ஒரு முறை பணம் எடுப்பது, எத்தனை நாளுக்கு ஒரு முறை பொருள் அனுப்புவது, விலை எப்படிக் குறைவது ஆகிய மூன்று விதிகளைத் தாங்கியது. பணமெடுக்கும் இடைவெளியும் பொருளனுப்பும் இடைவெளியும் தனித்தனி என்பது நுட்பமான ஏற்பாடு. ஆண்டுச் சந்தாவை ஒரே தவணையில் கட்டி மாதாமாதம் பொட்டலம் பெறுவோரை இது எளிதில் கையாளும். கூடையில் பொருள் விழும்போது பிளானின் அடையாள எண் உடன் செல்கிறது. அவ்வளவில் தளத்தின் சொந்த செக்அவுட்டே அதைச் சந்தா என்று அறிந்துகொள்கிறது. மறைத்து வைத்த நகல் பதிவுக்கு இனி வேலையில்லை.

3.2 ஒப்பந்தம்

வாடிக்கையாளர் செக்அவுட்டை முடித்ததும் ஓர் ஒப்பந்தப் பதிவு பிறக்கிறது. யார், என்ன பொருள், என்ன விலை, எந்த முகவரி, அடுத்த தவணை எப்போது, எந்தக் கார்டு என்பன அதில் அடங்கும். அதன் நிலை நடப்பில், நிறுத்திவைப்பில், ரத்து, காலாவதி, தோல்வி என மாறும். பொருளின் கடைவிலை பின்னால் ஏறினாலும் ஒப்பந்தத்தில் எழுதிய விலை தானாக ஏறாது. பிளானைப் பின்னால் திருத்தினாலும் பழைய ஒப்பந்தங்கள் அப்படியே நிற்கும். பலர் இதைக் குறைபாடாகக் கருதுகிறார்கள். இசைவின் கோணத்தில் பார்த்தால் இதுவே சரியான வடிவமைப்பு. வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட விலை ஒப்பந்தத்தில் உள்ளதே தவிர, இன்று கடையில் தொங்கும் விலைச்சீட்டில் உள்ளதன்று.

3.3 பணமெடுக்கும் முயற்சி

இங்கேதான் புதியவர்கள் இடறுகிறார்கள். ஒப்பந்தத்தை எழுதிவைத்துவிட்டால் தளமே மாதாமாதம் பணம் எடுத்துவிடும் என்று நினைக்கிறார்கள். எடுக்காது. நாள் வந்ததும் செயலிதான் 'இந்த ஒப்பந்தத்துக்கு இப்போது ஒரு முயற்சி செய்' என்று ஏபிஐ வழியாகக் கேட்க வேண்டும். கேட்டால் தளம் கார்டைத் தொட்டு, வெற்றி என்றால் ஆர்டர் எழுதி, முடிவை வெப்ஹுக் என்ற தானியங்கி அறிவிப்பு வழியாகத் தெரிவிக்கும். தோல்விக்கு ஓர் அறிவிப்பு. வங்கி கூடுதல் சரிபார்ப்பு கேட்டால் அதற்கு வேறோர் அறிவிப்பு. ஒரே முயற்சி இருமுறை போய்விடாமல் இருக்க ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு தனித்த சாவியைச் செயலி தர வேண்டும். ஆக, கடிகாரம் செயலியிடம், பணப்பெட்டி தளத்திடம், பொறுப்பு வணிகரிடம்.

4. பெயர்வன, பெயராதன

4.1 கார்டு

இசைவின் கூறுகளில் மிகக் கடினமானது இதுவே. கார்டு எண்ணை வணிகர் ஒருபோதும் கண்ணால் பார்ப்பதில்லை. அவரிடம் இருப்பது கேட்வே தந்த டோக்கன் மட்டுமே. அந்த டோக்கன் அந்த கேட்வேக்கு வெளியே வெறும் எழுத்துக் கோவை. கேட்வேயை மாற்ற வேண்டுமானால், பழைய நிறுவனம் உண்மையான கார்டு எண்களை மறைகுறியாக்கிப் பூட்டிய கோப்பாகப் புதிய நிறுவனத்துக்கு நேரடியாக அனுப்ப வேண்டும். இரண்டும் கார்டுத் துறையின் பிசிஐ டிஎஸ்எஸ் பாதுகாப்புத் தரத்துக்கு உட்பட்டவையாக இருக்க வேண்டும். அதே தரம், கார்டின் பின்பக்க மூன்றிலக்க எண்ணைப் பணம் எடுத்த பின் எந்த வடிவிலும் வைத்திருக்கக் கூடாது என்கிறது. எனவே பெயர்ந்து வரும் கார்டு எப்போதும் அந்த எண் இல்லாமலேயே வரும். இதற்கு மாற்றே இல்லை.

ஷாப்பிஃபையின் ஏபிஐ வேறொரு வழியையும் திறந்துவிட்டது. கார்டைப் பெயர்க்காமல், 'இந்த வாடிக்கையாளரின் கார்டு ஸ்ட்ரைப்பில் இந்த எண்ணில் இருக்கிறது' என்ற சுட்டியை மட்டும் ஷாப்பிஃபையில் பதிவது அது. பிரெயின்ட்ரீ, ஆத்தரைஸ்.நெட் கணக்குகளுக்கும் இது உண்டு. வாடிக்கையாளர் விரலைக்கூட அசைக்க வேண்டியதில்லை என்பதால் பெரும்பாலான கடைகள் இதையே விரும்பும்.

ஆனால் இதன் விலையை யாரும் முதலில் கேட்பதில்லை. பழைய சந்தாக்காரர்களின் பணம் இன்னும் பழைய ஸ்ட்ரைப் கணக்கில்தான் விழும். புதியவர்களின் பணம் தளத்தின் சொந்தப் பணச் சேவையான ஷாப்பிஃபை பேமெண்ட்ஸில் விழும். வங்கிக்கு வரும் தொகை இரண்டு ஓடைகளாக, வேறு வேறு நாள்களில், வேறு வேறு கழிவுகளோடு வரும். கணக்காளரிடம் முன்கூட்டிச் சொல்லாத கடைகளில் மாத இறுதியில் நடக்கும் உரையாடல் இனிமையாக இருப்பதில்லை. மேலும் பழைய கணக்கை மூடினால் அந்தச் சுட்டிகள் எல்லாம் அந்தக் கணமே செத்துவிடும். வாடிக்கையாளர் தானாக வந்து புதுக் கார்டைப் பதியும்போது மட்டுமே அவர் உண்மையில் புதுத் தளத்துக்கு வருகிறார். கார்டு காலாவதியாவதை வணிகர்கள் சாபமாகப் பார்ப்பார்கள். இந்தக் கலப்புக் காலத்தில் அதுவே பெயர்வை முன்னே தள்ளும் சக்தி.

கார்டு எண்ணையே பெயர்க்கும் முறையில் இன்னொரு கூறு விடுபட வாய்ப்புண்டு. விசா 2017 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சேமித்த கார்டு விதிகளின்படி, வாடிக்கையாளர் தானே ஒப்புக்கொண்ட முதல் பரிவர்த்தனைக்கு ஓர் அடையாள எண் கிடைக்கும். பின்னால் வணிகர் தானாக எடுக்கும் ஒவ்வொரு தவணையும் அந்த எண்ணைச் சுட்ட வேண்டும். வழங்கிய வங்கிக்கு அதுதான் இசைவின் சான்று. கார்டு எண் மட்டும் வந்து இந்த எண் வராவிட்டால், வங்கியின் கண்ணுக்கு அது முன்பின் தெரியாத கடையிலிருந்து திடீரென வந்த கோரிக்கை. மறுத்துவிட வங்கிக்கு நியாயமான காரணம் இருக்கிறது. கோப்பு கேட்கும்போதே இந்தப் புலத்தையும் சேர்த்துக் கேட்காத வணிகர், முதல் மாத மறுப்பு வீதத்தைக் கண்டு புதிய கேட்வேயைத் திட்டுவார். கார்டு எண்ணுக்குப் பதிலாகக் கார்டு நெட்வொர்க்கே தரும் நெட்வொர்க் டோக்கன்களும் இப்படியே: அவை கேட்டுப் பெற்ற நிறுவனத்துக்கே உரியவை, புதிய நிறுவனம் தானே கேட்டுப் பெற வேண்டும்.

பேபால் தனி உலகம். அங்கே கார்டு இல்லை. வாடிக்கையாளருக்கும் வணிகரின் பேபால் கணக்குக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் மட்டுமே உண்டு. அதே வணிகக் கணக்கு தொடர்ந்தால் வழி இருக்கிறது. கணக்கு மாறினால் வாடிக்கையாளரைத் திரும்ப அழைப்பதைத் தவிர வழியில்லை.

4.2 நாள்காட்டி

அடுத்த தவணைத் தேதியைப் பெயர்ப்பது ஒரு புலத்தை நகலெடுக்கும் வேலைபோலத் தோன்றும். ஒரு காப்பிக் கடையை எண்ணிப் பாருங்கள். சந்தாக்காரர் ஒருவர் ஜனவரி 31 அன்று சேர்ந்தார். பழைய செயலி முப்பது நாளுக்கு ஒரு முறை என்று எண்ணியது. புதியது மாதத்துக்கு ஒரு முறை என்று எண்ணுகிறது. முன்னது மார்ச் 2ஆம் தேதி அல்லது 1ஆம் தேதி என்று போகும்; பின்னது பிப்ரவரியின் கடைசி நாளுக்கு வந்து நிற்கும். ஓராண்டில் முன்னதற்குப் பன்னிரண்டு தவணைக்கு மேல் ஐந்து நாள் மிஞ்சும். காப்பி விற்பவருக்கு இது சில்லறை. வாடகையும் சம்பளமும் கணக்கிட்டு வாழும் வாடிக்கையாளருக்கு, சம்பளத்துக்கு முன் எடுப்பதா பின் எடுப்பதா என்பது கார்டு செல்லுமா செல்லாதா என்பதையே தீர்மானிக்கும்.

நேர மண்டலம் இன்னொரு பொறி. ஒரு செயலி தேதியைக் கடையின் உள்ளூர் நேரத்தில் வைத்திருக்க, இன்னொன்று உலகப் பொது நேரத்தில் படித்தால், கலிஃபோர்னியாக் கடையின் நள்ளிரவுத் தவணைகள் முந்தைய நாளின் பிற்பகலுக்கே சரிந்துவிடும். குறிப்பிட்ட தேதியில்தான் எடுக்க வேண்டும் என்ற நங்கூர நாளும், அதற்கு எத்தனை நாள் முன்பு சேர்ந்தால் இந்த மாதம், பின்பு சேர்ந்தால் அடுத்த மாதம் என்ற வெட்டுநாளும் புதிய அமைப்பில் தனித் தனிப் புலங்கள். பழைய செயலிகளில் இவை சில நேரம் யாரோ எழுதிய நிரலில் புதைந்து கிடக்கும். ஏற்றுமதிக் கோப்பில் வரவே வராது. தோண்டி எடுக்க வேண்டும்.

4.3 விலை

பழைய சந்தாக்காரர்களில் ஒரு பகுதியினர் எப்போதுமே பழைய விலையில் இருப்பார்கள். முதல் மூன்று மாதத் தள்ளுபடியின் இரண்டாம் மாதத்தில் நிற்பவர், வாடிக்கையாளர் சேவையினர் சமாதானத்துக்காகக் கையால் குறைத்துக் கொடுத்த விலையில் நிற்பவர் எனப் பல வகை. புதிய பிளானின் விலையைக் கொண்டு ஒப்பந்தத்தை எழுதினால் இவர்கள் அனைவருக்கும் ஒரே இரவில் விலை ஏறும். கடைசியாக வெற்றிபெற்ற தவணையில் உண்மையில் எடுத்த தொகையையே மூலமாகக் கொள்வது பாதுகாப்பு. பொருளனுப்பும் கட்டணம் ஒப்பந்தத்திலேயே எழுதப்படுவதால் அதற்கும் இதே விதி.

4.4 மற்றவை

பழைய மின்னஞ்சல்களில் உள்ள 'சந்தாவை நிர்வகிக்க' இணைப்புகள் புதிய இடத்துக்குத் திருப்பப்பட வேண்டும். ஒரே மனிதர் இரண்டு மின்னஞ்சலில் இருந்தால் எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று முடிவெடுக்க வேண்டும். நன்றிப் பக்கத்தில் செருகியிருந்த விளம்பரக் கண்காணிப்பு நிரல்கள் இன்னொரு மாற்றத்திலும் சிக்கின: ஷாப்பிஃபையின் உயர்நிலைத் திட்டமான பிளஸில் உள்ள கடைகள் செக்அவுட்டைத் திருத்தப் பயன்படுத்திய செக்அவுட்.லிக்விட் கோப்பு, பணம் கட்டும் பக்கங்களில் 2024 ஆகஸ்ட் 13க்குப் பிறகும், நன்றிப் பக்கத்தில் 2025 ஆகஸ்ட் 28க்குப் பிறகும் செல்லாது என்று ஷாப்பிஃபை காலக்கெடு வைத்தது.

5. மாறும் இரவு

மாற்றத்தை ஒரே இரவில் செய்வதா, பகுதி பகுதியாகவா என்ற விவாதம் ஒவ்வொரு குழுவிலும் நடக்கும். புதிய வாடிக்கையாளர்களை முதலில் புதிய செக்அவுட்டில் விட்டு, சில வாரங்கள் தவணைகள் ஒழுங்காகப் போவதைப் பார்த்த பின் பழையவர்களைத் தொகுதிகளாகக் கொண்டுவருவதே என் தேர்வு. தொகுதியை அகர வரிசையில் பிரிப்பதைவிடத் தவணைத் தேதியால் பிரிப்பது நல்லது. தவணை நேற்று முடிந்தவர்களை இன்று பெயர்த்தால், பிழை இருந்தாலும் திருத்த ஏறக்குறைய ஒரு மாதம் கையில் இருக்கும். நாளை தவணை உள்ளவரை இன்று பெயர்ப்பவர் துணிச்சல்காரர். அவரை வேலைக்கு வைத்த கடைக்காரர் அதைவிடத் துணிச்சல்காரர்.

மிகப் பெரிய ஆபத்து இரட்டைப் பிடிப்பு. பழைய செயலியும் புதிய செயலியும் ஒரே வாடிக்கையாளரிடம் ஒரே நாளில் பணம் எடுத்துவிடுவது. முன்பு சொன்ன தனித்த சாவி இதைத் தடுக்காது. அது ஒரே அமைப்புக்குள் ஒரே முயற்சி இருமுறை போவதை மட்டுமே தடுக்கும். இரு வேறு அமைப்புகள் ஒன்றையொன்று அறியா. ஆகவே வரிசை முக்கியம். முதலில் பழைய செயலியில் அந்தத் தொகுதியின் கடிகாரத்தை நிறுத்து, நின்றதைச் சரிபார், பிறகு புதியதில் ஒப்பந்தத்தை நிறுத்திவைப்பு நிலையில் எழுது, எண்ணிக்கையையும் தொகையையும் ஒப்பிடு, கடைசியில் நடப்புக்குக் கொண்டுவா. தலைகீழாகச் செய்தால் சில மணி நேரம் இரண்டு கடிகாரமும் ஓடும். அந்தச் சில மணி நேரம் எப்படியோ தவணை அதிகமுள்ள மாதத்தின் 1ஆம் தேதியாகவே அமையும்.

பழையதில் நிறுத்துவதற்குப் பதிலாக ரத்து செய்துவிட்டால் வேறு விளைவு: செயலி தன் கடமையாக எல்லோருக்கும் 'உங்கள் சந்தா ரத்தாகிவிட்டது' என்று மின்னஞ்சல் அனுப்பும். அறிவிப்புகளை முதலில் அணைக்க வேண்டும் என்பது எந்தக் கையேட்டிலும் முதல் வரியாக இருக்க வேண்டியது.

வங்கி அறிக்கையில் தோன்றும் கடைப்பெயரும் மாறக்கூடும். பழைய கேட்வேயில் கடையின் பெயர் வந்தது, புதியதில் நிறுவனத்தின் சட்டப் பெயர் வருகிறது என்றால், வாடிக்கையாளர் அதை அடையாளம் தெரியாத செலவாக எண்ணி வங்கியிடம் முறையிடுவார். அப்படி வரும் சார்ஜ்பேக்குகளில் தொகையோடு அபராதக் கட்டணமும் வணிகர் தலையில். ஒரு வரி அமைப்பைச் சரிபார்த்தால் தீரும் விஷயம் இது.

6. சட்டத்தின் பார்வையில் இசைவு

ஒரே பெயர்வு மூன்று சட்ட மண்டலங்களில் மூன்று வேறு செயல்களாகிறது.

அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டின் ரோஸ்கா சட்டம், தானே புதுப்பிக்கும் விற்பனைக்கு மூன்று நிபந்தனை விதிக்கிறது: விதிகளைத் தெளிவாகக் காட்டுதல், வெளிப்படையான இசைவு பெறுதல், எளிதாக நிறுத்த வழிதருதல். கார்டு எங்கே சேமிக்கப்பட்டுள்ளது என்பது பற்றி அதற்குக் கவலையில்லை. விதிகள் மாறாமல் பின்னணித் தளம் மட்டும் மாறினால், வாடிக்கையாளரைத் திரும்பக் கேட்க வேண்டிய தேவை எழுவதில்லை. சேர்ந்த அளவு எளிதாக விலகவும் வழி வேண்டும் என்ற கடுமையான விதியைக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2024 அக்டோபரில் இறுதி செய்தது; எட்டாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை 2025 ஜூலையில் நடைமுறைக் குறையைக் காட்டி நீக்கியது. விதி போனாலும் சட்டம் நிற்கிறது. பெயர்வில் ரத்துப் பொத்தான் இரண்டு பக்கம் உள்ளே தள்ளிப்போனால் கேள்வி வரும்.

ஐரோப்பாவில் 2019 செப்டம்பர் 14 முதல் பிஎஸ்டி2 விதிகளின்படி முதல் பரிவர்த்தனையில் வாடிக்கையாளர் இரண்டு காரணிகளால் தன்னை உறுதிசெய்ய வேண்டும். அதன் பின் வணிகர் எடுக்கும் தவணைகளுக்கு அது வேண்டாம். எனவே முதல் உறுதியின் சான்று பெயர்கிறதா என்பதே அங்கே எல்லாம். நான்காம் பிரிவில் பேசிய அந்த அடையாள எண் இங்கே சட்டக் கனம் பெறுகிறது.

இந்தியா முற்றிலும் வேறு. ரிசர்வ் வங்கி 2019 ஆகஸ்டில் வெளியிட்டு, காலக்கெடுவைத் தள்ளிவைத்து, 2021 அக்டோபர் 1 முதல் முழுமையாக நடைமுறைப்படுத்திய இ-மேன்டேட் நெறி, இசைவையே ஒரு தனிப் பதிவாக்கிவிட்டது. பதியும்போது ஓடிபி, ஒவ்வொரு தவணைக்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்பு அறிவிப்பு, உச்சவரம்புக்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி. வரம்பு முதலில் ₹2,000, பிறகு ₹5,000, 2022 ஜூனில் ₹15,000 ஆனது. காப்பீடு, மியூச்சுவல் ஃபண்ட், கிரெடிட் கார்டு பில் மூன்றுக்கும் 2023 டிசம்பரில் ₹1 லட்சம். 2022 அக்டோபர் 1 முதல் கார்டை வழங்கிய வங்கியும் கார்டு நெட்வொர்க்கும் தவிர வேறு யாரும் கார்டு எண்ணைச் சேமிக்கக் கூடாது. வணிகருக்குக் கிடைக்கும் டோக்கன், அந்தக் கார்டு, அதைக் கேட்ட நிறுவனம், அந்தக் கடை என்ற மூன்றின் கூட்டுக்கே செல்லும்.

இதன் விளைவு தெளிவு. ஒரு கேட்வே இன்னொரு கேட்வேக்குக் கார்டு எண்களைப் பூட்டிய கோப்பாக அனுப்பும் அமெரிக்க வழி இங்கே கோட்பாட்டளவிலேயே கிடையாது. அனுப்பக் கார்டு எண்ணே அவர்களிடம் இல்லை. நம் ஊரில் ஏலச்சீட்டு நடத்துபவர் விலகி, இன்னொருவர் அதே நோட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றால் உறுப்பினர் ஒவ்வொருவரும் புதியவரை முகம் பார்த்து ஒப்ப வேண்டும். கார்டுச் சந்தாவையும் ரிசர்வ் வங்கி அந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறது. இது வணிகருக்குத் தொல்லை. மறந்துபோன சந்தாக்களுக்கு ஆண்டுக்கணக்கில் பணம் போய்க்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கு அது காவல். ஷாப்பிஃபை பேமெண்ட்ஸ் இந்தியாவில் இல்லாததால் இங்குள்ள கடைகள் உள்ளூர் கேட்வேக்களையும் யுபிஐ ஆட்டோபேயையும் நம்பியே சந்தா நடத்துகின்றன. அவர்களுக்குத் தளம் மாற்றுவது என்பது சந்தாக்காரரை மீண்டும் சேர்க்கும் இயக்கமாகவே திட்டமிடப்பட வேண்டும். எத்தனை பேர் திரும்ப ஓடிபி தருவார்கள் என்பதை வைத்தே செலவு கணக்கிடப்பட வேண்டும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் பட்டியலிட்ட 13 இருண்ட உத்திகளில் (டார்க் பேட்டர்ன்) சந்தாப் பொறியும் ஒன்று என்பதால், பயமுறுத்தித் திரும்பச் சேர்க்கும் வாசகங்களுக்கும் இடமில்லை.

7. யாருடைய ஒப்பந்தம்?

புதிய அமைப்பின் மீது வைக்க வேண்டிய கடுமையான விமர்சனம் ஒன்று உண்டு. ஒப்பந்தப் பதிவு அதை உருவாக்கிய செயலிக்கே உரியது. இன்னொரு செயலி அதைத் திறந்து பணம் எடுக்க முடியாது. செயலியை மாற்றும் வணிகர் ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் புதிதாக எழுத வேண்டும். ஷாப்பிஃபை பேமெண்ட்ஸில் பதிந்த கார்டோ தளத்தின் பெட்டகத்தில் இருக்கிறது. கடைக்குள் செயலி மாற்றினால் அது வசதி. தளத்தையே விட்டு வெளியேற நினைப்பவருக்கு, வணிகரின் சொந்த கேட்வேயில் கார்டு இருந்த பழைய காலத்தின் எளிமை இல்லை. தளத்தின் ஒத்துழைப்போடுதான் கார்டு வெளியே போக முடியும். தளத்தின் செக்அவுட்டைச் சுற்றிப் போகும் செயலிகளைச் செயலிக்கடை விதிகள் ஏற்காத நிலையில், இரண்டு வாசல் காலத்துக்குத் திரும்பவும் வழியில்லை.

வாசல் ஒன்றானதால் வாடிக்கையாளருக்கு நன்மை என்பதை மறுக்கவில்லை. கடையின் மதிப்பே சந்தாப் பட்டியலில் இருக்கும் தொழிலில், அந்தப் பட்டியலின் உயிர்க்கூறான கார்டு யார் பெட்டகத்தில் என்பதைக் கேட்காமல் பெயர்வது கண்ணை மூடிக்கொண்டு பத்திரத்தில் கையெழுத்திடுவதுதான். வெளியேறும் நாளில் கார்டுகளைத் தருவீர்களா, முதல் பரிவர்த்தனை எண்ணோடு தருவீர்களா, எத்தனை நாளில் தருவீர்கள் என்ற மூன்று கேள்விக்கும் எழுத்தில் விடை வாங்குவது உள்ளே நுழையும் நாளில்தான் முடியும். அன்றுதான் விற்பனைப் பிரிவினர் தொலைபேசியை எடுப்பார்கள்.

8. பெயர்வு முடியும் நாள்

திட்ட அட்டவணைகளில் 'முடிந்தது' என்ற கட்டம் வழக்கமாகக் கடைசித் தொகுதி பெயர்ந்த மறுநாள் குறிக்கப்படுகிறது. அது தவறு. பழைய கேட்வேயில் எடுத்த பணத்தைப் பழைய கேட்வே வழியாகவே திருப்பித் தர முடியும். பெரும்பாலான காரணங்களுக்கு 120 நாள் வரை வாடிக்கையாளர் வங்கியில் முறையிடலாம். அதுவரை அந்தக் கணக்கு உயிரோடு இருந்து பதில் சொல்ல வேண்டும். சுட்டி முறையில் வந்தவர்களுக்கோ, கடைசிப் பழைய கார்டு மாறும்வரை அதை மூடவே முடியாது.

ஆண்டுச் சந்தாக்காரர் இதைவிட நீளமான கணக்கு. பெயர்வுக்கு முந்தைய வாரம் பணம் கட்டியவரின் ஒப்பந்தம் புதிய அமைப்பில் முதன்முதலாகச் சோதிக்கப்படுவது ஏறத்தாழ ஓராண்டு கழித்து. அதற்குள் பெயர்த்த குழு கலைந்திருக்கும். ஒப்பந்த நிறுவனத்துக்குக் கடைசித் தொகை போயிருக்கும். அவர் தவணை நாளில் கார்டு மறுக்கப்பட்டால், மறுத்தது வங்கியா, தேதிப் பிழையா, தொலைந்துபோன அடையாள எண்ணா என்று கண்டுபிடிக்கப் பழைய ஏற்றுமதிக் கோப்பும், எந்தப் புலம் எதற்கு எழுதப்பட்டது என்ற பொருத்தப் பட்டியலும் வேண்டும். ஆகவே அவ்விரண்டையும் பாதுகாப்பாக வைத்திருக்கும் பொறுப்பைப் பெயர் குறித்து ஒருவரிடம் ஒப்படைத்து, கடைசி ஆண்டுச் சந்தாவின் தவணை வெற்றிபெற்ற தேதியை அட்டவணையின் இறுதி நாளாக எழுத வேண்டும்.